மாலுமியும் அவங்க வீட்டு ஆளுங்களும்

பிப்ரவரி 3

தம்பி,

போன் எடுக்க மாட்டேங்கறேன்னு கோபமா இருப்பே. இரு. உன் குரலைக் கேட்டா கடைசியா நீ சொன்னதுதான் காதுல விழுது. "நாற்பத்திமூணு வயசுல கல்யாணமா, இல்ல ஆயா வேலைக்குச் சேர்றியா?"ன்னியே, அது. பேப்பர்ல எழுதினா அது கேக்கலை. அதனாலதான் இந்த லெட்டர். நீயும் எழுதியே பதில் போடு. பிழை இருந்தா சிரிக்க மாட்டேன்.

காரியத்துக்கு வர்றேன். உள் ரூம்ல, மேல் அலமாரியில ஒரு மூடி உடைஞ்ச பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். நம்ம பழைய கதைப் புத்தகங்க அதுலதான் இருக்கு. அதை எனக்கு அனுப்பு.

இங்க என் வீட்டுக்காரருக்கு எட்டு வயசுல ஒரு பொண்ணு இருக்கா. உனக்குத் தெரியும், ஆனா தெரிஞ்ச மாதிரி காட்டிக்க மாட்டே. அவ அம்மா தவறினப்புறம் ரெண்டு வருஷம் அம்மாவோட தங்கச்சி, அவ சித்தி வீட்லதான் வளர்ந்தா. எங்க கல்யாணம் ஆனதும் இவர் கூட்டிட்டு வந்துட்டார். சித்திக்கு அதுல மனசே இல்லை. பேசிப் பேசி கடைசில ஒரு முடிவுக்கு வந்தாங்க. இந்தப் பள்ளிக்கூட வருஷம் முடியற வரைக்கும் பொண்ணு இங்க இருக்கட்டும். லீவு விட்டதும் சித்தி வருவாங்க, அவளையே கேப்பாங்க, அவ எங்க இருக்கேன்னு சொல்றாளோ அங்க இருக்கட்டும். யாரும் அவளை அப்படிச் சொல்லு இப்படிச் சொல்லுன்னு தூண்டக் கூடாது. இவர் சரின்னார். நானும் சரின்னேன். வேற என்ன சொல்றது?

அவ என்னை ஒண்ணுமே கூப்பிடறதில்லை. எங்கிட்ட நேரா பேசறதும் இல்லை. சாப்பிட உக்காந்தா, "அப்பா, உப்பு வேணும்னு சொல்லுங்க"ம்பா. உப்பு என் கைக்கிட்ட இருக்கும். அவர் என் பக்கம் திரும்பி "உப்பு வேணுமாம்"பார். நான் நகர்த்துவேன். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டுக்குள்ளயே மூணு பேரும் ஒரு தபால் ஆபீஸ் நடத்தறோம்.

எனக்கு அவ இங்க இருக்கணும்டா. இதைச் சுத்தி வளைச்சுச் சொல்ல எனக்கு வரலை. வேற எதைக் கொண்டு அவ பக்கத்துல போய் உக்கார்றதுன்னும் தெரியலை. சின்ன வயசுல உன்னை ஒரு இடத்துல உக்கார வெச்சது அந்தப் புத்தகங்கதான். அதான் கேக்கறேன்.

ஸ்டூல் ஆடும். சுவரோட சேர்த்துப் போட்டு ஏறு.

அக்கா

*

பிப்ரவரி 11

அக்கா,

லீவு லெட்டர் தவிர நான் எதுவும் எழுதினதில்லை. "உடல்நிலை சரியில்லாததால்"னு ஆரம்பிச்சு, அடிச்சுட்டு, மறுபடி எழுதறேன்.

"நம்ம" புத்தகம்னு எழுதியிருக்கே. போகும்போது ரெண்டு சூட்கேஸ், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, நல்ல குடை எல்லாம் எடுத்துட்டுப் போனே. இந்தப் புத்தகப் பெட்டியை எடுக்கலை. விட்டுட்டுப் போனதை அப்புறம் நம்மதுன்னு சொல்லக் கூடாது. இது இப்போ என்னுது.

அதனால மொத்தமா அனுப்ப மாட்டேன். ஒண்ணொண்ணா அனுப்பறேன். படிச்சு முடிச்சுட்டுச் சொன்னா அடுத்தது வரும். பக்கத்தை மடிக்கக் கூடாது. எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது. நீ புரட்டுவே.

முதல்ல "உப்புத் தீவு" வருது. பார்சல் பண்றதுக்கு முன்னாடி சும்மா திறந்து பார்த்தேன். வேலைக்குப் போற இடத்துக்கு எடுத்துட்டுப் போனேன். ஒரு ஆபீஸ் கட்டடத்துல லிஃப்டுக்குக் கயிறு மாத்தற வேலை. கயிறு வர லேட்டாச்சு. மொட்டை மாடி மெஷின் ரூம்ல டப்பா மேல உக்காந்து படிச்சேன். முழுசாப் படிச்சுட்டேன். நானாப் படிச்சு முடிச்ச முதல் கதைப் புத்தகம் இதுதான்னு நினைக்கிறேன். அப்பல்லாம் எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, நீதானே படிச்சுக் காட்டுவே. இப்போ நான் படிச்சாலும் உன் குரல்லதான் கேக்குது, அது ஒரு தொல்லை. மாலுமி வர்ற இடத்துல எல்லாம் நீ குரலைக் கனமாக்கிக்குவே. கேப்டன் பயந்து கத்துவான், எல்லாரும் ஓடுவாங்க, மாலுமி மட்டும் சுக்கானை விட மாட்டாங்க. அவங்க மாதிரி ஒரு பொம்பளை கிடைச்சா கட்டிக்கறேன்னு ஏழு வயசுல நான் சொன்னேனாம், அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. கிடைக்கலை, பாத்தியா.

முப்பத்தி ரெண்டாம் பக்கத்துல கிரீஸ் பட்டிருக்கு. கையைக் கழுவிட்டுத்தான் தொட்டேன், அப்படியும் பட்டுடுச்சு.

நம்ம பில்டிங் லிஃப்ட் இன்னும் ஓடலை. லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கற வீட்ல லிஃப்ட் ஓடலைன்னு மேல் வீட்டுக்காரர் வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டுத் திரியறார். பார்ட்ஸ் வாங்கித் தர மாட்டார், பேச்சு மட்டும் பேசுவார்.

தம்பி

*

பிப்ரவரி 24

தம்பி,

உக்காந்துக்கிட்டுப் படி.

புத்தகம் வந்தது. அவகிட்ட கொடுக்கலை, கொடுத்தா "தேங்க்ஸ் சொல்லிடுங்கப்பா"ன்னு அவர்கிட்ட சொல்லிட்டு டேபிள் மேல வெச்சுடுவா. அதனால நானே ஹால்ல உக்காந்து, யாரையும் பாக்காம, சத்தமாப் படிச்சேன். பைத்தியம் மாதிரிதான். அவ டேபிள்ல கணக்கு போட்டுட்டிருந்தா. முதல் நாள் எழுந்து உள்ள போயிட்டா. ரெண்டாம் நாள் போகலை. அப்புறம் பென்சில் நகர்ற சத்தம் நின்னுது. நான் திரும்பிப் பாக்கலை. லேப்ல நான் ரத்தம் எடுக்கும்போதும் அப்படித்தான், குழந்தை முகத்தைப் பாத்தா கையை இழுத்துக்கும்.

நேத்து புயல் வர்ற இடம். "மாலுமி சுக்கானை இறுகப் பிடித்தார்"னு கனத்த குரல்ல படிச்சேன். அப்பதான் கேட்டா, நேரா எங்கிட்ட:

"ஏன் பொம்பளைக் குரல்ல படிக்கறீங்க?"

"மாலுமி பொம்பளைதானே?"

"மாலுமின்னா பேர்னு நினைச்சீங்களா?"

"பின்னே?"

"கப்பல்ல வேலை பாக்கறவங்க! டிரைவர், கண்டக்டர் மாதிரி. மாலுமின்னு யாராவது பேர் வைப்பாங்களா?"

தம்பி, நான் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பாத்தேன். எனக்கு மாலுமின்னா என்னன்னு தெரியாதா? பேப்பர்ல எத்தனை தடவை பாத்திருப்பேன், "மாலுமிகள் மீட்பு"ன்னு. ஆனா அது வேற, இது வேற. இந்தப் புத்தகத்துல இருக்கறது லட்சுமி மாதிரி ஒரு மாலுமி. கேப்டன், சமையல்காரன், திருடன் எல்லாருக்கும் "வந்தான், போனான்". இவங்களுக்கு மட்டும் "பிடித்தார், சொன்னார்". பெரிய மனுஷின்னு நினைச்சோம். படமும் கிடையாது. யார் வந்து திருத்தப் போறாங்க? இத்தனை வருஷமா திருத்தாம விட்ட உன்னைச் சொல்லணும்.

"டிரைவர்னு ஒரு பொம்பளை"ன்னு சொல்லி அவ சிரிச்சா பாரு, சிரிச்சு சிரிச்சு நாற்காலியிலேருந்து வழுக்கித் தரையில உக்காந்துட்டா. அவர் கிச்சன்லேருந்து ஓடி வந்தார். அவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார்ங்கறதால அவருக்கு இது இன்னும் பெரிய ஜோக். அவ இப்படிச் சிரிச்சுப் பாத்து ரொம்ப நாளாச்சுன்னு அப்புறம் தனியாச் சொன்னார். சொல்லும்போதும் கால் தரையை பிரேக் மாதிரி அழுத்திட்டிருந்தது, அது அவருக்குப் பழக்கம்.

கிரீஸ் கறையைப் பாத்துட்டு "யார் விரல்?"னா. "என் தம்பியோடது"ன்னேன். தன் விரலை அது மேல வெச்சு அளந்து பாத்தா.

முடிச்சாச்சு. அடுத்ததை அனுப்பு.

அக்கா

*

மார்ச் 4

அக்கா,

மோசம் போனோம்.

அந்தப் பொண்ணு சொன்னது சரிதான். இருக்கற புத்தகத்தை எல்லாம் மறுபடி புரட்டிட்டேன். எல்லாக் கப்பல்லயும் மாலுமி இருக்காங்க. ஒரே ஆள் எப்படி எல்லாக் கப்பல்லயும்னு நான் உன்னைக் கேட்டது ஞாபகம் இருக்கு. "கெட்டிக்காரங்களை எல்லாரும் கூப்பிடுவாங்க"ன்னு சொன்னே. நல்லாத்தான் சொன்னே.

"மாலுமிகள் கரைக்கு ஓடினர்"னு ஒரு இடம் வருமே, அதுக்கு என்ன சொன்னே தெரியுமா? மாலுமிகள்னா மாலுமியும் அவங்க வீட்டு ஆளுங்களும்! நான் நம்பினேன். அவங்க வீட்டுக்காரர், ரெண்டு பசங்க, ஒரு கொழுந்தன் எல்லாரும் கரையில ஓடறதா மனசுல பாத்து வெச்சிருந்தேன். கொழுந்தன் கொஞ்சம் நொண்டுவார். அவரை எங்கேருந்து பிடிச்சேன்னு தெரியலை.

அடுத்தது "கிழிந்த பாய்மரம்". அதுல "தலைமை மாலுமி"ன்னு வரும். மாலுமிக்குப் பதவி உயர்வு வந்துடுச்சுன்னு நீ சொன்னே. ஆளுக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை தின்னோம், அம்மாவுக்குத் தெரியாம. அந்த சர்க்கரை எந்த மனுஷனுக்காகத் தின்னோமோ, அவர் பாவம் மீசை வெச்ச யாரோ ஒருத்தர்.

இன்னிக்குக் காலையில ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட்ல வேலை. கதவை மூடிட்டு உள்ள தனியா சிரிச்சுட்டிருந்தேன். வெளிய நின்னவங்க கேட்டிருப்பாங்க. இதைச் சொல்லிச் சிரிக்க வீட்ல ஆள் இல்லை. அதான் லெட்டர் நீளமாப் போகுது.

புத்தகம் இந்த லெட்டரோட வருது. முடிச்சதும் மூணாவதைக் கேக்காதே. அட்டை இல்லாதது, அது. அதுல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியும். அம்மா இல்லாத குழந்தைக்கு அதையா படிச்சுக் காட்டுவே?

தம்பி

*

மார்ச் 17

தம்பி,

"கிழிந்த பாய்மரம்" முடிஞ்சுது. இப்போ அவ டேபிள்ல உக்காரறதில்லை. சோபாக் காலுக்கு முதுகைக் கொடுத்துத் தரையில உக்காந்துக்கறா. நான் சோபாவில. என் கால் பக்கத்துலதான் இருக்கா, படலை. மாலுமி வந்தா நான் கனத்த குரல்லதான் படிக்கணும், அது கட்டளை. ஆம்பளைக் குரல்ல படிச்சுப் பாத்தேன், "வேண்டாம், அந்தம்மாவே வரட்டும்"னுட்டா.

மூணாவது ஒண்ணு இருக்குன்னு என் வாய் சும்மா இருக்காம சொல்லிடுச்சு. அதை ஏன் இன்னும் அனுப்பலைன்னு கேட்டா. "அதுல ஒரு பக்கத்தை என் தம்பி சின்ன வயசுல கோந்து போட்டு ஒட்டிட்டான்"னு சொன்னேன். "ஏன்?"னா. "மாலுமி செத்துட்டாங்க, அவனுக்குப் பிடிக்கலை"ன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "அது எனக்கு வேணும்னு உங்க தம்பிகிட்ட சொல்லுங்க"ன்னா.

இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து எனக்கு வேணும்னு அவ என்னைக் கேட்ட முதல் பொருள் அது. நீ அனுப்பலைன்னா, அவ கேட்ட முதல் பொருளுக்கே நான் இல்லைன்னு சொன்னவ ஆவேன். சித்தி போன் பண்ணினாங்க. ஏப்ரல் மூணாவது வாரம் வர்றாங்களாம். எனக்கு நாள் அதிகமில்லை.

குழந்தைக்கு எது தாங்கும் எது தாங்காதுன்னு நீ பெட்டி பக்கத்துல உக்காந்துக்கிட்டு முடிவு பண்ணாதே. லேப்ல நான் எந்தக் குழந்தைகிட்டயும் வலிக்காதுன்னு சொல்றதில்லை. கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் முடிஞ்சுடும்னுதான் சொல்லுவேன். கை நீட்டிடும். வலிக்காதுன்னு ஒரு தடவை சொன்ன நர்ஸைப் பாத்தா அதே குழந்தை அடுத்த தடவை வாசல்லயே அழும்.

அனுப்புடா.

அக்கா

*

மார்ச் 23

அக்கா,

அனுப்பிட்டேன். திட்டாதே.

மாலுமி செத்ததும் எனக்குக் காய்ச்சல் வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். மாலுமிக்காகன்னு யார்கிட்டயும் சொல்லலை, தண்ணி மாறினதாலன்னு டாக்டர் சொன்னார், அப்படியே விட்டுட்டோம். காய்ச்சல் விட்டதும் முதல் வேலையா கோந்து பாட்டிலை எடுத்தேன். அதுக்கப்புறம் அந்தப் புத்தகத்தை நீயும் தொடலை, நானும் தொடலை.

பிரிச்சுப் பாக்கலாமான்னு நேத்து மெஷின் ரூம்ல ரொம்ப நேரம் வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கத்தி நுனியை விட்டுப் பாத்தேன். கை வரலை. நாற்பது வயசு ஆளு. ஒட்டினது ஒட்டினபடியே வருது. பிரிக்கறது உங்க பாடு.

அவ அழுதா எனக்கு எழுதாதே.

தம்பி

*

ஏப்ரல் 1

தம்பி,

மாலுமி சாகலை.

முட்டாள்கள் தினத்துக்கு எழுதறேன்னு நினைக்காதே. வரிசையாச் சொல்றேன்.

கெட்டில்ல தண்ணி கொதிக்க வெச்சு, ஆவியில பக்கத்தைக் காட்டிக் காட்டிப் பிரிச்சோம். அவதான் பிடிச்சுக்கிட்டா, நான் பஞ்சைத் தண்ணியில நனைச்சு ஓரத்துல ஒத்தினேன். ஒரு மூலை மட்டும் கிழிஞ்சுது. மத்ததெல்லாம் வந்துடுச்சு. நீ பாதி பாட்டிலைக் கொட்டியிருக்கே.

நான் படிக்கட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னு அவளே படிச்சா. "விடியுமுன் எழுந்த பேரலையில் மாலுமி ஒருவர் அடித்துச் செல்லப்பட்டார்." அவ்வளவுதான், அந்த ஒரு வரி. அதோட நாம புத்தகத்தை மூடினோம். நீ கத்தினே, நான் மூடினேன்.

அவ மூடலை. அதே வரியை மறுபடி படிச்சா. விரலை வெச்சு எனக்குக் காட்டினா. "'ஒருவர்'னு போட்டிருக்கு பாருங்க. ஒருவர்னா யாரோ ஒருத்தர். நம்ம மாலுமின்னா 'தலைமை மாலுமி'ன்னுதானே போடுவாங்க. இது வேற ஆள்."

"நம்ம மாலுமி"ன்னா, தம்பி. எங்கிட்ட பேசும்போது அவ வாயில இதுவரைக்கும் "எங்க"தான். எங்க வீடு, எங்க அப்பா, எங்க டம்ளர். நான் அதைக் காட்டிக்கலை. "அப்படியா சொல்றே?"ன்னேன்.

அடுத்த பக்கத்துக்குப் போனா. நீ ஒட்டினதால நாம பாக்காத பக்கம். முதல் வரி: "தலைமை மாலுமி விசிலை ஊதினார்." "பாருங்க! பாருங்க!"ன்னு குதிச்சா. இத்தனை வருஷமா அந்தம்மா அந்தப் பக்கத்துல விசில் ஊதிக்கிட்டு நின்னிருக்காங்க. நாம இந்தப் பக்கம் துக்கம் கொண்டாடிட்டிருந்தோம்.

"உங்க தம்பிக்கு உடனே எழுதுங்க"ன்னா. எழுதறேன்னேன். அப்புறம் பிரிச்ச பக்கம் காயட்டும்னு ரெண்டு பேரும் விசிறிக்கிட்டு உக்காந்திருந்தோம். அவ பக்கத்தைப் பாத்துக்கிட்டே சொன்னா: "ஆஸ்பத்திரியில எங்கம்மா பேரைச் சொல்லித்தான் சொன்னாங்க. ஒருவர்னு சொல்லலை."

"ஆமா"ன்னேன். வேற ஏதாவது சொல்லியிருக்கணுமா? அவ அழலை. கொஞ்சம் சாஞ்சா. முதுகு என் முழங்கால்ல பட்டது. அப்படியே இருந்தா.

மீதிக் கதையில மாலுமி பத்திரமா ஊர் வந்து சேர்றாங்க. நீயே படிக்கணும்னு விவரம் எழுதலை.

அக்கா

*

ஏப்ரல் 8

அக்கா,

லெட்டரை மெஷின் ரூம்ல படிச்சேன். அப்புறம் கீழ இறங்கி, என்னோட வேலை பாக்கறவன்கிட்ட "நான் ஒரு ஆள் செத்துட்டாங்கன்னு நினைச்சுட்டிருந்தேன், உயிரோட இருக்காங்களாம்"னு சொன்னேன். சொந்தக்காரங்களான்னு கேட்டான். ஆமான்னேன். டீ வாங்கிக் கொடுத்தான்.

எனக்குச் சந்தோஷமா இருக்கு. இதை எழுதவே வெக்கமா இருக்கு, ஆனாலும் ரொம்பச் சந்தோஷமா இருக்கு.

இப்போ நான் சொல்றதைக் கேளு. நீ அவகிட்ட "இரு"ன்னு சொன்னியா? பேச்சு அப்படி, தூண்டக் கூடாது, அதெல்லாம் நீ எழுதிட்டே. யாருமே இருன்னு சொல்லலைன்னா அவளுக்கு எப்படித் தெரியும்? அவர் முடிவு அவளோடதுன்னு பிரேக் மேல காலை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். நீ முகத்தைப் பாக்காம ரத்தம் எடுக்கறே. சித்தி ஒருத்தங்கதான் வாய் விட்டு வான்னு கேக்கப் போறாங்க. கேக்கறவங்க கூடத்தானே குழந்தை போகும்?

நீ சூட்கேஸ் கட்டினப்போ எனக்கும் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லணும்னு இருந்தது. அது வரலை. வேற ஒண்ணு வந்துடுச்சு. அதைத்தான் நீ காதுல வெச்சுக்கிட்டு இருக்கே.

இன்னொண்ணு. "உங்க தம்பி, உங்க தம்பி"ன்னு அவ சொல்றதா எழுதறே. நான் அவளுக்கு மாமா. அப்படித்தான் கூப்பிடணும்னு சொல்லு, இதுல பேச்சே கிடையாது. உன் வீட்டுக்காரரை அத்தான்னு கூப்பிடறதுக்கு நானும் வாயைப் பழக்கறேன். டைம் கொடு.

அங்க வர்றதுக்கு லீவு கேட்டிருக்கேன். லெட்டரும் எழுதிட்டேன், உடல்நிலை சரியில்லாததால்னு.

தம்பி

*

ஏப்ரல் 22

தம்பி,

உன் லெட்டர் வந்து, படிச்சு, நீ சொன்னது சரிதான்னு தெரிஞ்சும் நான் சொல்லலை. வாக்குக் கொடுத்துட்டேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். உள்ளுக்குள்ள பயம்தான். இருன்னு கேட்டு, மாட்டேன்னுட்டா?

முந்தாநாள் சித்தி வந்தாங்க. நல்லவங்கடா. நான் அவங்களை ஒரு மாதிரி நினைச்சு வெச்சிருந்தேன், அப்படி ஒண்ணும் இல்லை. அக்கா பொண்ணை ரெண்டு வருஷம் தலை வாரி, சாப்பாடு ஊட்டி வளர்த்தவங்க. ஹால்ல உக்காந்ததும் கேட்டுட்டாங்க. "என்கூட வந்துடறியாடா கண்ணு?"ன்னாங்க. கேக்கும்போதே அவங்களுக்கு அழுகை வந்துடுச்சு. பொண்ணு அவங்க முகத்தைப் பாத்தா. அவ அப்பாவைப் பாத்தா, அவர் தரையைப் பாத்துட்டிருந்தார். என்னைப் பாத்தா. நான் டம்ளர்களை எடுத்துக்கிட்டு எழுந்தேன். அவ "சரி, வர்றேன்"னா.

உள்ள போய் நான்தான் பை கட்டினேன். பாவாடை, சட்டை, உள்ளாடை, ஸ்வெட்டர், எல்லாம் மடிச்சு வெச்சு ஜிப் போட்டு அவ கட்டில் மேல வெச்சேன். அப்புறம் பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். நல்லா அழுதேன். வெளிய வந்தப்போ அவ பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு செருப்புப் போட்டுட்டு நின்னா. தூக்கித் தரட்டுமான்னதுக்கு வேண்டாம்னுட்டா. பஸ் ஏத்தி விட்டுட்டு வந்தோம். அவர் சாப்பிடலை. நானும் சாப்பிடலை. டேபிள்ல உப்பு டப்பா அவர் பக்கம் இருந்தது, யாரும் கேக்கலை.

நேத்து சாயங்காலம் போன் அடிச்சுது. சித்தி. குரல் ஒரு மாதிரி இருந்தது.

"நீங்கதானே பை கட்டினீங்க?"

"ஆமா."

"பையில மூணு பழைய புத்தகமும் ஒரு டூத் பிரஷும்தான் இருக்கு. மாத்திக்க ஒரு துணி இல்லை."

நான் போனைக் கையில வெச்சுக்கிட்டே போய் அவ அலமாரியைத் திறந்தேன். நான் மடிச்சதெல்லாம் அடுக்கி வெச்சிருந்தா. பாவாடை ஒரு பக்கம், சட்டை ஒரு பக்கம். ஸ்வெட்டரை மேல வெச்சிருந்தா.

"துணி எங்கம்மான்னு கேட்டேன்"னாங்க சித்தி. "'துணியெல்லாம் வீட்ல இருக்கு'ங்கறா. எந்த வீட்லன்னு கேட்டேன். என்னை ஒரு பார்வை பாத்தா. 'வீட்ல சித்தி'ங்கறா."

அந்தப் பக்கம் அவ கனத்த குரல்ல யாருக்கோ படிச்சுக் காட்டறது கேட்டுது. சித்தி வீட்டுக் குட்டிப் பையனா இருக்கும். அப்புறம் சித்தி மூக்கை உறிஞ்சிக்கிட்டு, ரொம்ப சாதாரணமாக் கேட்டாங்க:

"நீங்க துணியைக் கொண்டு வர்றீங்களா, இல்ல லீவு முடிஞ்சதும் நான் அவளைக் கொண்டு வந்து விடட்டுமா?"

அவர் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பலை. யாரையும் கேக்கலை.

"கொண்டு வந்து விடுங்க"ன்னேன்.

அக்கா